மீன்களுக்கு ஒரு ஐஸ் கூரை!

மாணவர்களே, வெயிலில் விளையாடிவிட்டு வந்திருக்கிறீர்கள். கையில் ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூஸ். அதில் இரண்டு ஐஸ் கட்டிகளைப் போடுகிறீர்கள். 'டொப்' என்று உள்ளே போன கட்டிகள் உடனே மேலே வந்து மிதக்கின்றன. ஸ்பூனால் அமுக்கிப் பாருங்கள். ஸ்பூனை எடுத்தவுடன் மறுபடியும் மேலே வந்துவிடும்.

'இதில் என்ன அதிசயம்? ஐஸ் மிதக்கும் என்று ஒண்ணாம் கிளாஸ் பாப்பாவுக்குக்கூடத் தெரியுமே!' என்கிறீர்களா?

சரி, அப்படியே சமையலறைக்கு வாருங்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் தேங்காய் எண்ணெயை ஊற்றி பிரிட்ஜில் வையுங்கள். சிறிது நேரத்தில் வெள்ளைவெளேர் என்று உறைந்துவிடும். மார்கழி மாதக் காலை என்றால் சில ஊர்களில் பிரிட்ஜே தேவையில்லை. பாட்டிலுக்குள்ளேயே உறைந்து கிடக்கும். தலைக்குத் தேய்க்க வேண்டுமானால் அடுப்பு ஓரத்தில் வைத்து உருக்க வேண்டும்.

உறைந்த எண்ணெயிலிருந்து ஒரு துண்டை ஸ்பூனால் வெட்டி எடுத்து, உருகிய எண்ணெய் இருக்கும் டம்ளரில் போடுங்கள். என்ன ஆகிறது? அது மிதக்கவில்லை. மெல்ல மெல்ல இறங்கி, அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது!

உருகிய மெழுகில் ஒரு மெழுகுத் துண்டைப் போட்டாலும் இதே கதைதான். மூழ்கிவிடும். உருகிய ஈயத்தில் ஈயக் கட்டியும் மூழ்கும். உலகத்தில் உள்ள பெரும்பாலான பொருட்களின் குணம் இதுதான். சூடானால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். உறைந்து கட்டியானால் இன்னும் சுருங்கும். சுருங்கிய பொருள் தன் அளவுக்கு அதிக எடையோடு இருப்பதால், தன்னுடைய திரவத்திலேயே மூழ்கிவிடும்.

தண்ணீர் மட்டும் அடம்பிடிக்கும் பிள்ளை மாதிரி எதிர்த்திசையில் போகிறது. (தண்ணீருக்குத் துணையாக இன்னும் ஒருசில பொருட்கள் உண்டு. விரல் விட்டு எண்ணிவிடலாம்.) இந்த அடம் மட்டும் இல்லாவிட்டால், குளிர் நாடுகளின் ஏரிகளில் மீன்கள் உயிர் பிழைப்பதே பெரும்பாடு ஆகியிருக்கும். நம் சென்னையில் 'ஐஸ் ஹவுஸ்' என்று ஒரு இடமும் இருந்திருக்காது. மீனுக்கும் ஐஸ் ஹவுசுக்கும் என்ன சம்பந்தம்? சொல்கிறேன். அதற்கு முன்னால் என் கதையைக் கேளுங்கள்.

வெடித்த பாட்டில்

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக பிரிட்ஜ் வந்தது. எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் பிரிட்ஜ். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்து, கதவைத் திறந்து மூடி, உள்ளே விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் நான் ஒரு கண்ணாடி பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்தேன். மூடியை இறுக்கமாகத் திருகி, யாருக்கும் தெரியாமல் பிரீசருக்குள் படுக்கவைத்தேன். காலையில் பாட்டில் நிறைய ஐஸ் இருக்கும், தெருப் பிள்ளைகளிடம் காட்டிப் பெருமை அடித்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

ராத்திரி 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. பூனை எதையோ தட்டிவிட்டது என்று நினைத்துத் தூங்கிவிட்டோம். காலையில் பிரீசரைத் திறந்தால், பாட்டில் வடிவத்திலேயே ஐஸ் மட்டும் படுத்திருக்கிறது. சுற்றிலும் கண்ணாடிச் சில்லுகள்! அதை எடுத்து வெளியே போடப்போன அம்மாவின் விரலில் ஒரு சில்லு ஆழமாகக் கிழித்துவிட்டது. அப்பா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

பாட்டிலை உடைத்தது யார்? வெளியிலிருந்து யாரும் அடிக்கவில்லை. உள்ளே இருந்த தண்ணீரேதான்! தண்ணீர் உறைந்து ஐஸாக மாறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு விரிகிறது. அதாவது 11 டம்ளர் தண்ணீர் உறைந்தால், அதை வைக்க 12 டம்ளர் இடம் வேண்டும். மூடி போட்ட பாட்டிலில் அந்த ஒரு டம்ளருக்கு இடம் எங்கே? ஐஸ் நாலாப் பக்கமும் நெட்டித் தள்ளுகிறது. கண்ணாடி தாங்குமா?

கண்ணாடி மட்டுமல்ல, இரும்புக் குழாயே தாங்காது. குளிர்காலத்தில் ஸ்ரீநகரில் வீட்டுக் குழாய்களில் தண்ணீர் உறைந்து, குழாய் வெடித்துவிடுவது உண்டு. மலைப் பாறைகளின் இடுக்கில் புகுந்த தண்ணீர் இரவில் உறைந்து, பகலில் உருகி, மறுபடி உறைந்து, நாளடைவில் பாறையையே பிளந்துவிடும். உளியும் வேண்டாம், சுத்தியலும் வேண்டாம்!

அதே 9 பங்குதான் ஐஸை மிதக்கவும் வைக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. அதே அளவு இடத்தை அடைக்கும் ஐஸின் எடை சுமார் 917 கிராம்தான். இடம் அதிகம், எடை குறைவு. எனவே மிதக்கிறது. ஆனால் முழுசாக வெளியே வந்து மிதப்பதில்லை. கடலில் மிதக்கும் பனிப்பாறையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்கு உள்ளேதான் இருக்கும். 1912-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி இரவு டைட்டானிக் கப்பல் அப்படிப்பட்ட ஒரு பனிப்பாறையில்தான் மோதியது. 1,500-க்கும் அதிகமானோர் இறந்துபோனார்கள்.

டிரில் பீரியட்

உறைந்தால் தண்ணீர் ஏன் விரிகிறது? உங்கள் பள்ளியிலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் கைகழுவும் குழாயடிக்கு ஓடுவீர்களே, அப்போது எப்படி நிற்பீர்கள்? இடித்துக்கொண்டு, நெருக்கியடித்துக்கொண்டு. ஒரு சின்ன இடத்தில் ஐம்பது பேர் அடங்கிவிடுவார்கள். அதே ஐம்பது பேரை டிரில் பீரியடில் பி.டி. சார் விசில் ஊதி, 'கையை நீட்டி, பக்கத்தில் இருப்பவனைத் தொட்டுக்கொண்டு நில்!' என்றால்? பாதி மைதானம் வேண்டும். ஆட்கள் அதே ஆட்கள்தான். நிற்கும் ஒழுங்கு மாறியதால் இடம் கூடிவிட்டது.

தண்ணீருக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான குட்டி மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு ஹைட்ரஜன் அணு, ஒரு ஆக்சிஜன் அணு. தண்ணீராக இருக்கும்போது இவை சாப்பாட்டு மணிப் பிள்ளைகள். ஓடும், புரளும், நெருக்கும். பூஜ்ஜியம் டிகிரி செல்சியசில் விசில் ஊதிவிடுகிறது! ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் இருக்கும் நான்கு பேரை நீட்டிய கையால் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றுவிடுகிறது. இப்படிக் கைகோர்த்து நிற்கும்போது ஆறு ஆறு பேராக வளையம் வளையமாக அமைகிறார்கள். வளையத்துக்கு நடுவே வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் ஐஸ் அடைத்துக்கொள்ளும் கூடுதல் இடம். தேன்கூட்டின் அறைகளை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அப்படி.

இந்த ஆறு பக்கக் கணக்கை நம் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் அதற்கு வானத்திலிருந்து வெண்பனி விழும் ஊருக்குப் போக வேண்டும். அங்கே கறுப்புக் கம்பளிக் கையுறையை நீட்டினால் அதன்மேல் பூப்போல ஒரு துகள் வந்து உட்காரும். லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஆறு இதழ்கள்! உருக்குலையாமல் விழுந்த பனிப்பூ எதை எடுத்தாலும் பெரும்பாலும் இந்த ஆறு கணக்குதான். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்று ஒரு விவசாயி இருந்தார். 1885-ம் ஆண்டு, பத்தொன்பது வயதில், கேமராவை மைக்ராஸ்கோப்புடன் இணைத்து ஒற்றைப் பனிப்பூவைப் படம் பிடித்தார். அதன்பிறகு வாழ்நாள் முழுவதும் 5,000-க்கும் அதிகமான பனிப்பூக்களைப் படம் எடுத்தார். மூச்சுக்காற்று பட்டாலே உருகிவிடும் பொருளை, மூச்சை அடக்கிக்கொண்டு, குளிரில் நின்று எடுத்த படங்கள் அவை. ஊரார் அவருக்கு வைத்த பெயர் 'பனிப்பூ பென்ட்லி'.

(நம் தமிழில் ஒரு சிக்கல். புல் நுனியில் முத்து மாதிரி நிற்பதும் பனி, மார்கழியில் கண்ணை மறைப்பதும் பனி, இமயமலையில் குவிந்து கிடப்பதும் பனி. அதனால்தான் வெண்பனி, மூடுபனி, உறைபனி என்று முன்னால் ஒரு சொல் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது.)

நாலு டிகிரி ரகசியம்

இனி மீன்களின் விஷயத்துக்கு வருவோம். ஐஸ் மிதப்பது மட்டும் மீன்களைக் காப்பாற்றிவிடாது. தண்ணீரிடம் இன்னொரு விசித்திரமும் இருக்கிறது.

சூடான தண்ணீரைக் குளிரவைத்தால், மற்றப் பொருட்களைப் போலவே அதுவும் சுருங்கிக்கொண்டே வரும். 30 டிகிரி, 20 டிகிரி, 10 டிகிரி... நல்ல பிள்ளையாகச் சுருங்கும். 4 டிகிரி வந்ததும் நின்றுவிடும். அதற்குக் கீழே குளிர்ந்தால், உறைவதற்கு முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாக விரிய ஆரம்பித்துவிடும்! விசில் ஊதுவதற்கு முன்பே, சாரைப் பார்த்ததும் சில பிள்ளைகள் கையை நீட்டத் தயாராகிவிடுவதைப் போல. எனவே தண்ணீரிலேயே கனமான தண்ணீர், 4 டிகிரியில் இருக்கும் தண்ணீர்தான்.

இதை ஓர் எளிய கருவியால் நிரூபித்துக் காட்டியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பேராசிரியர் தாமஸ் ஹோப். 1805-ம் ஆண்டில் தன் சோதனையை வெளியிட்டார். உயரமான ஜாடி ஒன்றில் தண்ணீர். மேலே ஒரு தெர்மாமீட்டர், கீழே ஒரு தெர்மாமீட்டர். ஜாடியின் நடுப்பகுதியைச் சுற்றி மட்டும் உப்புக் கலந்த ஐஸ். (ஐஸில் உப்பைக் கலந்தால் பூஜ்ஜியத்துக்கும் கீழே போய்விடும். குல்பி ஐஸ்காரர் பானைக்குள் ஐஸோடு உப்பையும் போடுவது இதற்காகத்தான்.) முதலில் கீழே இருந்த தெர்மாமீட்டர்தான் இறங்கியது. குளிர்ந்த தண்ணீர் கனத்து அடிக்குப் போகிறது அல்லவா? ஆனால் 4 டிகிரிக்கு வந்ததும் அது அசையாமல் நின்றுவிட்டது. அதற்கு அப்புறம் மேலே இருந்த தெர்மாமீட்டர் மளமளவென்று இறங்கத் தொடங்கி, பூஜ்ஜியத்தைத் தொட்டது!

இந்த ஜாடியைப் பெரிசாக்கிப் பாருங்கள். அதுதான் ஸ்ரீநகரின் தால் ஏரி.

காஷ்மீரில் டிசம்பர் 21-ந் தேதி தொடங்கி 40 நாட்களுக்கு மிகக் கடுமையான குளிர். 'சில்லாய் கலான்' என்பது அந்த நாட்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஐந்தாறு டிகிரி போய்விடும். தால் ஏரியின் மேல் ஐஸ் படிந்து, காலையில் ஷிகாரா படகுக்காரர்கள் துடுப்பால் அதை உடைத்துக்கொண்டு படகு ஓட்டுவார்கள்.

குளிர் தொடங்கும்போது, ஏரியின் மேல்மட்டத் தண்ணீர்தான் முதலில் குளிர்கிறது. குளிர்ந்ததால் கனம் கூடிக் கீழே இறங்குகிறது. கீழே இருந்த கதகதப்பான தண்ணீர் மேலே வருகிறது. அதுவும் குளிர்ந்து கீழே போகிறது. இப்படி மேலும் கீழும் மாறி மாறி, ஒருநாள் ஏரி முழுவதுமே 4 டிகிரிக்கு வந்துவிடுகிறது. இனிமேல்தான் வேடிக்கை. மேல்மட்டம் 3 டிகிரிக்குக் குளிர்ந்தால், அது கனமாவதற்குப் பதிலாக லேசாகிவிடுகிறது. கீழே இறங்காமல் மேலேயே நிற்கிறது. 2 டிகிரி, 1 டிகிரி, பூஜ்ஜியம்... மேலேயே நின்று, மேலேயே உறைந்து, ஏரிக்கு ஒரு கூரை போட்டுவிடுகிறது.

அந்தக் கூரைக்கு அடியில், ஏரியின் தரையை ஒட்டி, ஏறக்குறைய 4 டிகிரி தண்ணீர் உறையாமல் இருக்கிறது. வெளியே குளிர்காற்று ஊளையிட்டாலும், ஐஸ் கூரை அதை எளிதில் உள்ளே விடுவதில்லை. மீன்கள் உள்ளே நிதானமாகத் திரிகின்றன. அதிகம் அலைவதில்லை, அதிகம் சாப்பிடுவதும் இல்லை. குளிர் போகும்வரை காத்திருக்கின்றன.

இதை அப்படியே தலைகீழாகக் கற்பனை செய்யுங்கள். தண்ணீரும் தேங்காய் எண்ணெய் மாதிரி நடந்துகொண்டால்? முதல் நாள் இரவில் மேலே உண்டான ஐஸ் மூழ்கி அடியில் போய்ப் படியும். மேலே புதுத் தண்ணீர் குளிர்காற்றில் மாட்டிக்கொள்ளும். அதுவும் உறைந்து மூழ்கும். தடுக்கக் கூரை இல்லாததால், ஏரி கீழேயிருந்து மேலே நிரம்பிக்கொண்டே வரும். மீன்களுக்கு இருக்கும் இடம் நாளுக்கு நாள் குறையும். கடைசியில் ஒரு முழம் தண்ணீர். அதற்கு அப்புறம் அதுவும் இல்லை. கோடை வந்தாலும், அடியில் கிடக்கும் ஐஸை வெயில் லேசில் போய்த் தொடாது.

இங்கே ஒரு சுட்டி கை தூக்குவது தெரிகிறது. 'ஊட்டியில்கூட டிசம்பர், ஜனவரியில் பூஜ்ஜியம் டிகிரி வருகிறதே, ஊட்டி ஏரி ஏன் உறைவதில்லை?' நல்ல கேள்வி! தலைகுந்தா புல்வெளியில் விடியற்காலையில் பார்த்தால், யாரோ மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டியது மாதிரி உறைபனி படிந்திருக்கும். தேயிலைச் செடிகளின் இலைகள் கருகிவிடும். கார் கண்ணாடியில் ஐஸ் படிந்திருக்கும். ஆனால் அந்தக் குளிர் சில மணி நேரம்தான். ஒன்பது மணிக்கு வெயில் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிடும். ஏரி உறைய வேண்டுமானால் மேல்தண்ணீர் மட்டும் குளிர்ந்தால் போதாதே! அடிவரை அத்தனை தண்ணீரும் முதலில் 4 டிகிரிக்கு வரவேண்டும். ஒரு விடியற்காலைக் குளிருக்கு அது ஆகாத காரியம்.

கூரையை வெட்டி விற்றவர்

தண்ணீர் போட்ட இந்தக் கூரையை அறுத்து எடுத்து, கப்பலில் ஏற்றி விற்ற ஒரு கெட்டிக்காரர் இருந்தார். பெயர் பிரெடெரிக் டியூடர். ஊர், அமெரிக்காவில் உள்ள பாஸ்டன்.

அந்தப் பகுதியில் ஏரிகள் அதிகம். குளிர்காலத்தில் ஏரியின்மேல் குதிரைகளே நடமாடும் அளவுக்குத் தடிமனாக ஐஸ் உறையும். டியூடருக்கு ஒரு யோசனை. 'நம் ஊரில் இலவசமாகக் கிடைக்கும் இதை, வெயில் நாடுகளில் விற்றால் என்ன?' 1806-ம் ஆண்டு, 22 வயதில், மேற்கு இந்தியத் தீவுகளில் ஒன்றான மார்ட்டினிக்குக்கு முதல் கப்பலை அனுப்பினார். பாஸ்டனே சிரித்தது. நிறைய ஐஸ் வழியிலும் கரையிலும் உருகிப்போனது. பெரிய நஷ்டம். பின்னாளில் கடனுக்காகச் சிறைக்கும் போனார். ஆனாலும் விடவில்லை.

ஐஸை உருகாமல் காப்பது எப்படி என்பதைப் பட்டுப் பட்டுக் கற்றுக்கொண்டார். மரம் அறுக்கும் பட்டறைகளில் வீணாகக் கிடந்த மரத்தூள்தான் அவருக்குக் கைகொடுத்தது. ஐஸ் பாளங்களை இடைவெளி இல்லாமல் அடுக்கி, சுற்றிலும் மரத்தூளைத் திணித்துவிட்டால், தூளுக்கு இடையில் சிக்கிய காற்று வெளிச்சூட்டை உள்ளே விடாது. 1820-களில் நதானியல் வைத் என்பவர் குதிரை பூட்டி இழுக்கும் ஐஸ் வெட்டும் கருவியைச் செய்துகொடுத்தார். ஏரியின்மேல் கோடு கோடாக உழுது, பாளம் பாளமாக அறுத்து எடுத்தார்கள். மேலே குதிரை, காலடியில் ஐஸ், அதற்கு அடியில் மீன்!

1833-ம் ஆண்டு மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸுடன் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டி வரவேண்டும். நான்கு மாதப் பயணம். போய்ச் சேர்ந்தபோது எவ்வளவு ஐஸ் மிச்சம் இருந்தது, ஊகியுங்கள் பார்க்கலாம். சுமார் 100 டன்!

அடுத்து, சென்னை. மெரினா கடற்கரைக்கு எதிரே 1842-ம் ஆண்டு வாக்கில் ஐஸைச் சேமித்து வைப்பதற்கென்றே ஒரு கட்டடம் எழுந்தது. அப்போது சென்னையில் துறைமுகமும் கிடையாது. கப்பல் கடலிலேயே நிற்கும். அலையில் தள்ளாடும் படகுகளில்தான் ஐஸ் கரைக்கு வந்து சேரவேண்டும். ஏதோ ஓர் அமெரிக்க ஏரியில், மீன்களின் தலைக்கு மேலே கூரையாக இருந்தது, சித்திரை வெயிலில் சென்னையில் வெள்ளைக்காரத் துரைமார்களின் கிளாசில் மிதந்தது. ஏழைகளுக்கு எட்டாத பொருள். கடுங்காய்ச்சல் வந்தவர்களுக்காக மருத்துவத்துக்கும் ஐஸ் பயன்பட்டது.

அமெரிக்க எழுத்தாளர் தோரோ, வால்டன் என்ற ஏரியின் கரையில் குடிசை போட்டு வாழ்ந்தவர். 1846-47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் அந்த ஏரியிலும் வந்து ஐஸ் அறுத்ததை அவர் பார்த்தார். தான் தண்ணீர் குடிக்கும் ஏரியிலிருந்து சென்னைக்காரர்களும் பம்பாய்க்காரர்களும் கல்கத்தாக்காரர்களும் குடிக்கப்போகிறார்கள் என்று வியந்து தன் புத்தகத்தில் எழுதிவைத்தார்.

ஐஸ் மூழ்கும் பொருளாக இருந்திருந்தால் இந்த வியாபாரமே நடந்திருக்காது. ஏரியின் அடியில் இறங்கி யார் அறுப்பது?

பிறகு இயந்திரத்தால் ஐஸ் செய்யும் தொழிற்சாலைகள் வந்தன. கப்பல் ஐஸை வாங்க ஆள் இல்லை. சென்னைக் கட்டடம் கை மாறியது. 1897-ம் ஆண்டு சுவாமி விவேகானந்தர் அங்கே சில நாட்கள் தங்கினார். அதனால் இன்று அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர். ஆனால் அந்தப் பகுதிக்குப் போக ஆட்டோக்காரரிடம் 'ஐஸ் ஹவுஸ்' என்று சொன்னாலும் போதும். ஐஸ் போய் நூறு வருஷத்துக்கு மேலாகியும் பெயர் உருகவில்லை!

நீங்களே செய்யலாம்

கம்பளி போர்த்தினால் ஐஸ் சீக்கிரம் உருகுமா, மெதுவாக உருகுமா? வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். 'கம்பளி சூடாச்சே, சீக்கிரம் உருகிடும்' என்று நாலு பேராவது சொல்வார்கள். ஒரே அளவான இரண்டு ஐஸ் கட்டிகளைத் தனித்தனியாகச் சின்ன பிளாஸ்டிக் பைகளில் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே தட்டில் வையுங்கள். இன்னொன்றை ஸ்வெட்டரிலோ கம்பளித் துண்டிலோ நன்றாகச் சுற்றி வையுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். டியூடரின் மரத்தூள் செய்த வேலை புரிந்துவிடும். கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை. உள்ளே இருப்பதை உள்ளேயும், வெளியே இருப்பதை வெளியேயும் நிறுத்திவைக்கிறது, அவ்வளவுதான். மீன் கடைகளில் ஐஸ் பாளத்தைக் கோணியால் மூடிவைப்பதைப் பார்த்திருப்பீர்களே!

இரண்டாவது சோதனைக்கு ஒரு டம்ளர் போதும். டம்ளரில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, விளிம்புவரை தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றுங்கள். ஐஸின் தலை தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஐஸ் உருகினால் தண்ணீர் வழியுமா? வழியும் என்று பந்தயம் கட்டாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். உருகும்போது ஐஸ் தன் கூடுதல் இடத்தை இழந்து பழையபடி சுருங்கிவிடுகிறதே! மேலே நீட்டிக்கொண்டிருந்தது முழுவதும் அந்தக் கூடுதல் இடம்தான். அதனால்தான் ஏற்கெனவே கடலில் மிதக்கும் ஐஸ் உருகுவதால் கடல் மட்டம் பெரிதாக உயர்ந்துவிடாது. கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் தரைமேல் மலைமலையாகக் குவிந்து கிடக்கும் ஐஸ் உருகி வருகிறதே, அதுதான் கவலை. அது டம்ளருக்குள் புதிதாக ஊற்றும் தண்ணீர்.

மூன்றாவது, என் பாட்டில் சோதனை. நேர்ப்பக்கங்கள் உள்ள ஒரு பிளாஸ்டிக் டம்ளரை எடுத்து, ஸ்கேலால் அளந்து, 11 சென்டிமீட்டர் உயரத்தில் பேனாவால் கோடு போட்டு, அதுவரை தண்ணீர் ஊற்றுங்கள். டம்ளர் அதைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டராவது உயரமாக இருக்கட்டும். மூடி போடக்கூடாது. இரவு முழுவதும் பிரீசரில் இருக்கட்டும். காலையில் ஐஸ் நடுவில் கொஞ்சம் முட்டு மாதிரி எழும்பியிருக்கும். எத்தனை சென்டிமீட்டர் வந்திருக்கிறது என்று அளந்து நோட்டில் எழுதுங்கள்.

கண்ணாடி டம்ளர், கண்ணாடி பாட்டில் மட்டும் கூடவே கூடாது. அம்மாவின் ஆள்காட்டி விரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.